ஏரியில் இறக்கிய மரங்கள்

வட அமெரிக்க ஏரிகளில் தூண்டில்காரர்கள் தாங்களே கட்டி நீருக்குள் இறக்கும் மீன்கூடுகளின் கதை, கரையிலிருந்து காணாமற்போன மரங்களில் தொடங்குகிறது. மிச்சிகன், விஸ்கான்சின், ஒன்டாரியோ காடுகளில் ஏரிக்கரை மரங்கள் முதுமையாலோ புயலாலோ சாய்ந்து நீரில் விழும். அந்தக் குளிர்ந்த நீரில் பைன் கட்டை எளிதில் மட்குவதில்லை. ஒன்டாரியோவின் அல்கோன்குவின் பூங்காவிலுள்ள ஸ்வான் ஏரியில் கிடந்த வெண்பைன் கட்டைகளை 1990களில் ஆராய்ந்தபோது, அவற்றின் ஆண்டு வளையங்களுள் மிகப் பழையவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவையாக இருந்தன.

விழுந்த மரத்தின்மேல் முதலில் வழவழவென்று பாசி படரும். பாசியை மேய நத்தைகளும் பூச்சிப் புழுக்களும் வரும். அவற்றைத் தின்னச் சிறு மீன்கள் வரும். அந்தச் சிறு மீன்களுக்காகப் பாஸ் மீன் கிளை நிழலில் அசையாமல் நிற்கும். பெரிய வாய் நுழைய முடியாத மிலாறு இடுக்கில் குஞ்சுகள் ஒளிந்துகொள்ளும். ஒரு மரம் விழுந்தால் ஒரு குடியிருப்பே உண்டாகிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரவெட்டிகள் இக்காடுகளை மொட்டையடித்தார்கள். பின்னர் விடுமுறை வீடுகள் வந்தன. நீச்சலுக்கும் படகுக்கும் இடைஞ்சல் என்று, விழுந்து கிடந்த கட்டைகளும் இழுத்துப் போடப்பட்டன. இந்த இழப்பின் அளவை 1996இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. விஸ்கான்சினையும் மிச்சிகனையும் சேர்ந்த 16 ஏரிகளில், வீடுகளே இல்லாத ஏரிகளின் கரையில் கிலோமீட்டருக்குச் சராசரியாக 555 கட்டைகள் கிடந்தன. வீடு எழுந்த இடங்களில் 57தான்.

ஆனால் மீன் குறைவதைத் தூண்டில்காரர்கள் அதற்கு வெகுமுன்பே உணர்ந்திருந்தார்கள். 1930இல் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் மீன்வள ஆய்வுக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் கார்ல் ஹப்ஸ். குஞ்சுகளைக் கொண்டுவந்து விடுவது மட்டும் போதாது, அவை தங்க இடமும் வேண்டும் என்பது அவர் வாதம். ஹப்ஸும் சக ஆய்வாளர் எஷ்மெயரும் எழுதி 1938இல் வெளியான ஏரிச் சீரமைப்பு நூல் அதற்கான வழிமுறைகளை விளக்கியது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையற்ற இளைஞர்களுக்காக 1933இல் அரசு அமைத்த இயற்கைவளக் காப்புப் படை, சுள்ளிக்கட்டுகளை ஏரிகளில் இறக்கும் பணிக்கு ஆள்பலம் தந்தது.

மீனுக்காகக் கிளையை நீரில் இறக்குவது அமெரிக்கர்கள் கண்டுபிடித்த வித்தையல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் மீனவர்கள் கண்டல் கிளைகளைக் கூட்டமாக நட்டு, சில வாரங்கள் கழித்து வலையால் வளைத்து, கிளைகளைப் பிடுங்கிவிட்டு மீனை அள்ளுவார்கள். அந்தக் கிளைகளுக்காகவே கண்டல் வளர்த்தவர்களும் அங்கே உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டு நொகுவே ஏரியிலும் இதே முறை உண்டு.

வடக்கு ஏரிகளின் கட்டைக்கூடு பனிக்காலத்து வேலை. உறைந்த ஏரியின்மேல் சுமார் எட்டடி நீளக் கட்டைகளை, தீப்பெட்டிக் குச்சிகளை அடுக்குவதுபோல, இரண்டு இப்படியும் இரண்டு அப்படியுமாகச் சதுரமாக அடுக்குவார்கள். நான்கு மூலையிலும் துளையிட்டு இரும்புக் கம்பி செருகி முனையை மடக்குவார்கள். நடுக்கூட்டில் மிலாறுகளைத் திணித்து, கனத்துக்குக் கல் வைப்பார்கள். பிறகு செய்ய வேண்டியது எதுவுமில்லை. வசந்தத்தில் பனிக்கட்டி இளகும்போது கூடு தானாக அடியில் போய் அமரும்.

தெற்கே நிலைமை வேறு. அங்கே மீன்பிடிப்பு பெரும்பாலும் அணைகளின் நீர்த்தேக்கங்களில். டென்னசி ஆற்றில் 1944இல் முடிந்த கென்டக்கி அணையின் நீர்மட்டம் ஆண்டுதோறும் குளிர்காலத்துக்குச் சுமார் 5 அடி இறக்கப்படுகிறது. ஏறி இறங்கும் நீரில் கரையோரச் செடிகள் நிலைப்பதில்லை. மூழ்கிய பழைய மரங்களும் மட்கிவிட்டன. நீர் வடிந்த சேற்றில் தூண்டில்காரர்கள் மரக்குச்சிகளை நெருக்கமாக அடித்து, க்ராப்பி மீனுக்குத் தங்குமிடம் செய்தார்கள். சீடர் மரத்தை ஹாலோ பிளாக்கோடு கட்டிப் படகிலிருந்து தள்ளினார்கள். பண்டிகை முடிந்து வீசப்பட்ட கிறிஸ்துமஸ் மரங்களும் ஏரிக்குப் போயின. வாளியில் சிமென்ட் ஊற்றி, காய்வதற்குள் மூங்கில்களைச் செருகி நிறுத்துவது இன்றும் வழக்கம். போட்ட இடத்தை, கரையிலுள்ள அடையாளங்களை நேர்கோட்டில் வைத்து நினைவில் கொள்வார்கள், வெளியே சொல்லமாட்டார்கள்.

எல்லா முயற்சியும் நல்லதாக முடியவில்லை. பழைய டயர்களைக் கட்டி இறக்கும் யோசனை பரவிய காலத்தில், 1972இல் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் கடலில் 20 லட்சம் டயர்கள் வரை கொட்டப்பட்டன. கட்டுகள் அறுந்து, உருண்ட டயர்கள் பவளத்திட்டுகளைச் சிதைத்தன. மட்காத பொருள் என்பதே அவற்றின் குறையாயிற்று. பிவிசி குழாய்க் கூடுகள் அப்படி இடம்பெயரவில்லை. கொலராடோ ஆற்றின் ஹவாசு ஏரியில் 1990களில் தொடங்கிய திட்டத்தில், அத்தகைய கூடுகளையும் கொண்டு, அரசுத் துறைகளும் தன்னார்வலர்களும் சேர்ந்து 42 சிறு குடாக்களில் 875 ஏக்கர் பரப்பில் வாழிடம் அமைத்தார்கள்.

கூடுகள் மீனைப் பெருக்குகின்றனவா, இருக்கும் மீனை ஒரே இடத்தில் சேர்த்துப் பிடிபட வைக்கின்றனவா? நியாயமான இந்தக் கேள்விக்கு விஸ்கான்சின் ஏரிகள் பாதி விடை தந்தன. 2002இல் லிட்டில் ராக் ஏரியின் ஒரு பாதியிலிருந்து கட்டைகளில் பெரும்பகுதியை அகற்றினார்கள். பெர்ச் மீன் அங்கே ஏறக்குறைய அற்றுப்போயிற்று. இரை குறைந்த பாஸ் மீனின் வளர்ச்சி தளர்ந்தது. 2004இல் கேம்ப் ஏரியில் 300க்கும் மேற்பட்ட மரங்களை இறக்கியபோது மீன்கள் அவற்றைத் தேடி வந்து கூடின. ஆனால் பாஸ் மீனின் வளர்ச்சி வேகமெடுக்கவில்லை. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த கட்டைகளின் இடத்தைச் சில ஆண்டுகளில் நிரப்ப முடியவில்லை.

அதனால் இன்று விஸ்கான்சின் மாநிலம் கூடுகளைவிட முழு மரங்களையே விரும்புகிறது. கரையிலிருந்து தள்ளி வெட்டிய மரங்களைக் குளிர்காலத்தில் பனிக்கட்டியின்மேல் இழுத்துவந்து, அடிமரம் கரையிலும் கிளைகள் ஏரியிலுமாகக் கிடத்துகிறார்கள். அலை இழுத்துப் போகாதபடி, கரையில் உயிரோடு நிற்கும் மரத்தோடு அவற்றைக் கம்பிவடத்தால் பிணைத்துவிடுகிறார்கள்.