இந்தியன் வெல்ஸ்: கிராண்ட்ஸ்லாம் இல்லை, ஆனாலும் ஏன் 'ஐந்தாவது கிராண்ட்ஸ்லாம்'னு சொல்றாங்க?

மார்ச் முதல் வாரம் வந்தால் போதும், உங்கள் ஃபோனில் ஸ்போர்ட்ஸ் ஆப் நோட்டிஃபிகேஷன்களில் 'இந்தியன் வெல்ஸ்' என்ற பெயர் வரிசையாக வர ஆரம்பிக்கும். விம்பிள்டன் தெரியும், யுஎஸ் ஓபன் தெரியும், இது என்ன புதுசா இந்தியாவுல ஒரு டென்னிஸ் போட்டி என்று ஒரு நொடி யோசித்திருக்கிறீர்களா? கவலைப்படாதீங்க, அப்படி யோசித்த முதல் ஆள் நீங்கள் இல்லை.

பெயரைத் தவிர இந்தியாவுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கிழக்கே காரில் இரண்டு மணி நேரம் போனால் வரும் பாலைவனப் பள்ளத்தாக்கில் இருக்கும் சின்ன ஊர் இது. கோச்செல்லா மியூசிக் ஃபெஸ்டிவல் நடப்பதும் அதே பள்ளத்தாக்கில்தான். அங்கே வாழ்ந்த பூர்வகுடி மக்கள் தண்ணீருக்காகத் தோண்டிய கிணறுகளிலிருந்து வந்த பெயர்தான் இந்தியன் வெல்ஸ். 2020 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை 5,000கூட இல்லை. ஆனால் அங்கே இருக்கும் டென்னிஸ் ஸ்டேடியத்தில் 16,100 பேர் உட்காரலாம்! நியூயார்க்கின் ஆர்தர் ஆஷ் ஸ்டேடியத்துக்கு அடுத்தபடியாக, டென்னிஸுக்கென்றே கட்டப்பட்ட உலகின் இரண்டாவது பெரிய அரங்கம் இதுதான்.

அப்போ இது எந்த லெவல் போட்டி?

ஆண்களுக்கு ஏடிபி மாஸ்டர்ஸ் 1000, பெண்களுக்கு டபிள்யூடிஏ 1000. அந்த 1000 என்பது சாம்பியனுக்குக் கிடைக்கும் ரேங்கிங் புள்ளிகள். கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தால் 2000, இங்கே அதில் பாதி. சிங்கிள்ஸில் 96 பேர் ஆடுவார்கள். தரவரிசையில் முன்னால் இருக்கும் 32 பேருக்கு முதல் சுற்று 'பை', அதாவது ஆடாமலே இரண்டாவது சுற்று. எனவே ஒரு முன்னணி வீரருக்குக் கோப்பைக்கு ஆறு வெற்றி போதும்; மற்றவர்கள் ஏழு ஜெயிக்க வேண்டும். ஆண்களுக்கும் மூன்று செட்தான், கிராண்ட்ஸ்லாம் மாதிரி ஐந்து செட் கிடையாது.

மெயின் டிரா மட்டும் சுமார் பன்னிரண்டு நாள் ஓடும், ஆண்களும் பெண்களும் ஒரே இடத்தில். 2025-ல் மொத்தப் பார்வையாளர்கள் 5 லட்சத்தைத் தாண்டினார்கள். 'ஐந்தாவது கிராண்ட்ஸ்லாம்' என்ற பட்டப்பெயர் இந்த அளவை வைத்துதான் வந்தது. அதிகாரப்பூர்வமாக அப்படி எதுவும் இல்லை. அடுத்த போட்டி மயாமியில். இரண்டையும் ஒரே ஆண்டில் ஜெயித்தால் 'சன்ஷைன் டபுள்'. ஜோகோவிச் அதை நான்கு முறை செய்திருக்கிறார், ஃபெடரர் மூன்று முறை. நடால் ஒரு முறைகூட இல்லை என்பது ரசிகர் சண்டைகளில் இன்றும் எடுக்கப்படும் ஆயுதம்.

போட்டி தொடங்கியது 1974-ல், அதுவும் பக்கத்து மாகாணமான அரிசோனாவில். பிறகு இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து, முன்னாள் வீரர்கள் சார்லி பசரெல், ரே மூர் இருவரின் முயற்சியில் வளர்ந்தது. இப்போதைய பெரிய ஸ்டேடியம் 2000-ல் திறக்கப்பட்டது. 2009-ல் ஆரக்கிள் நிறுவனர் லாரி எலிசன் போட்டியை வாங்கினார். ஆமா, உங்க ஆஃபீஸ் டேட்டாபேஸுக்குப் பின்னாடி இருக்கும் அதே ஆரக்கிள்தான்.

ஹார்ட் கோர்ட்னா வேகமா இருக்கணுமே?

இங்கேதான் விஷயம் இருக்கு. ஹார்ட் கோர்ட் என்றால் கான்க்ரீட் அல்லது தார்த் தளத்தின் மேல் அக்ரிலிக் பெயின்ட் பூச்சு. அந்தப் பெயின்டில் எவ்வளவு மணல் கலக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வேகம் மாறும். மணல் கூடினால் தளம் சொரசொரப்பாகும். பந்து தரையைப் பிடித்துக்கொண்டு வேகம் குறையும், மேலே எகிறும். இந்தியன் வெல்ஸ் பல ஆண்டுகளாக மெதுவான கோர்ட் என்று பெயர் வாங்கியது. அதே சமயம் பாலைவனத்துக் காய்ந்த காற்றில் பந்து சுலபமாகப் பறக்கும். காற்றில் வேகம், தரையில் நிதானம்! பகல் வெயிலில் தோள் உயரத்துக்கு எகிறும் பந்து, ராத்திரி குளிரில் அப்படி எகிறாது. ஒரே கோர்ட்டில் மதியம் ஒரு ஆட்டம், இரவு வேறொரு ஆட்டம் பார்ப்பது போல இருக்கும்.

ஹார்ட் கோர்ட் ஸ்பெஷலிஸ்ட்டான மெத்வதேவ் 2023-ல், இதையெல்லாம் ஹார்ட் கோர்ட் என்று சொல்லவே கூடாது என்று ஆட்டத்தின் நடுவிலேயே பொங்கினார். அப்படிப் பொங்கிக்கொண்டே ஃபைனல் வரை போய், அல்கராஸிடம் தோற்றார். 2025-ல் 25 ஆண்டுகளாக இருந்த பிளெக்ஸிபேவ் தளத்தை மாற்றி, யுஎஸ் ஓபனில் இருக்கும் லேகோல்ட் தளத்தைக் கொண்டுவந்தார்கள்.

(இன்னொரு பாலைவன ஸ்பெஷல்: 2024-ல் அல்கராஸ் – ஸ்வெரெவ் காலிறுதியின்போது தேனீக் கூட்டம் கோர்ட்டுக்குள் புகுந்தது. அல்கராஸுக்கு நெற்றியில் கொட்டு. ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் நின்றது. தேனீ பிடிப்பவர் வந்து வேலையை முடித்ததும் கூட்டம் அவருக்குக் கொடுத்த கைதட்டல் சாம்பியனுக்குச் சமம்.)

செரீனா ஏன் 14 வருஷம் இங்கே வரவில்லை?

இந்தப் போட்டியைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்துகொள்வீர்கள் என்றால், இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

2001. அரையிறுதியில் வீனஸும் செரீனாவும் மோத வேண்டும். காலிறுதியில் வீனஸிடம் தோற்ற எலினா டெமென்டியேவாவிடம் யார் ஜெயிப்பார் என்று கேட்டதற்கு, அதை அவர்களின் அப்பா ரிச்சர்டு முடிவு செய்வார் என்ற பொருளில் பதில் சொன்னார். அக்கா – தங்கை ஆட்டங்கள் முன்கூட்டியே பேசி வைத்தவை என்ற வதந்தி அப்போது ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. அரையிறுதி தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது, முழங்கால் வலி என்று வீனஸ் விலகினார். டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருந்த கூட்டம் கொதித்தது.

கோபம் ஃபைனலில் வெடித்தது. செரீனாவுக்கு வயது 19, எதிரில் 17 வயது கிம் கிளைஸ்டர்ஸ். செரீனா கோர்ட்டுக்குள் வந்ததுமே கூட்டம் கூச்சலிட்டது. வீனஸும் ரிச்சர்டும் இருக்கைக்கு இறங்கி வந்தபோது இன்னும் அதிகம். செரீனா தவறு செய்தால் கைதட்டல். இனவெறி வசைகளும் தன் காதில் விழுந்ததாக ரிச்சர்டு பின்னர் சொன்னார். முதல் செட்டை இழந்த செரீனா, 4-6, 6-4, 6-2 என்று கோப்பையை எடுத்துவிட்டார். அதன் பிறகு அக்காவும் தங்கையும் அந்த ஊர்ப்பக்கமே வரவில்லை. முன்னணி வீராங்கனைகள் கட்டாயம் ஆட வேண்டிய போட்டி என்று விதி வந்த பிறகும் வரவில்லை. அவர்கள் உலகின் நம்பர் ஒன்னாக இருந்த ஆண்டுகள் அதில் அடக்கம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

2015-ல் செரீனா திரும்பினார். டைம் இதழில் கட்டுரை எழுதி, மன்னிப்பதைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். கூட்டம் எழுந்து நின்று வரவேற்றது, அவர் கண் கலங்கினார். வீனஸ் அடுத்த ஆண்டு வந்தார்.

கதை அதோடு சுபமாக முடிந்துவிடவில்லை. 2016 ஃபைனல் நாளன்று காலை, போட்டியின் தலைமைப் பொறுப்பில் இருந்த அதே ரே மூர், பெண்கள் டென்னிஸ் ஆண்களின் புகழில் தொங்கிக்கொண்டு போகிறது, ஃபெடரரும் நடாலும் பிறந்ததற்கு வீராங்கனைகள் மண்டியிட்டுக் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நிருபர்களிடம் சொன்னார். அன்றைக்கு ஃபைனல் ஆடியது யார் தெரியுமா? செரீனாவும் அசரெங்காவும். தோற்ற கையோடு செரீனா பிரஸ் மீட்டில் மூரின் பேச்சைத் தவறு என்று பிய்த்து வைத்தார். அடுத்த நாள் மூர் பதவி விலகினார்.

சம்பள விஷயத்தில் இங்கே நிலைமை மற்ற பல இடங்களைவிட மேல். 2024-ல் அல்கராஸுக்கும் ஷ்வியான்டெக்குக்கும் தலா 11 லட்சம் டாலர். ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் எல்லா 1000 போட்டிகளிலும் இப்படி இல்லை. அவற்றில் சமப் பரிசுத்தொகை 2027-க்குள் வரும் என்பது டபிள்யூடிஏ வைத்திருக்கும் இலக்கு.

நம்ம ஆட்கள்?

இருக்காங்க. சானியா மிர்சா இரட்டையரில் இரண்டு முறை சாம்பியன்: 2011-ல் எலினா வெஸ்னினாவுடன், 2015-ல் மார்ட்டினா ஹிங்கிஸுடன். 2023-ல் ரோகன் போபண்ணா, ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டனுடன் சேர்ந்து கோப்பையைத் தூக்கியபோது வயது 43. மாஸ்டர்ஸ் 1000 பட்டம் வென்ற மிக வயதானவர் என்ற சாதனை. அடுத்த ஆண்டு மயாமியில் அதை அவரே முறியடித்தார்.

சிங்கிள்ஸில் சென்னைக்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரனின் 2019 ஓட்டம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது. தகுதிச் சுற்றில் ஆடி உள்ளே வந்தார். முதலில் பெனுவா பேரை வீழ்த்தினார். அடுத்து 17-வது சீடான பசிலாஷ்விலியை மூன்றாவது செட் டை-பிரேக்கில் சாய்த்தார். மூன்றாவது சுற்றில் இவோ கார்லோவிச்சின் சர்வீஸுக்கு முன்னால்தான் நின்றது.

எத்தனை மணிக்குப் பார்க்கலாம்?

இதில் ஒரு சிக்கல் உண்டு. மார்ச் இரண்டாவது ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அது பெரும்பாலும் போட்டியின் நடுவில் வரும். அதற்கு முன்பு, அங்கே காலை 11 மணி ஆட்டம் நமக்கு நள்ளிரவு 12.30. அதற்குப் பிறகு இரவு 11.30. அங்கே மாலை 6 மணி செஷன் முதலில் நமக்குக் காலை 7.30, பிறகு 6.30. ஆக, காலை செஷனைக் காபியோடு பார்த்துவிட்டு ஆஃபீஸ் கிளம்பலாம். ஆண்கள் ஃபைனல் மட்டும் வழக்கமாக நமக்குத் திங்கள் விடியற்காலையில் வரும். அன்றைய முதல் மீட்டிங்கை முன்கூட்டியே கொஞ்சம் தள்ளி வச்சுக்கோங்க.