மகாராணியாரின் முன்ஷி

யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரம், 1875இல் இலங்கைக்கு வந்த இளவரசர் எட்வேட்டின் ஞாபகமாக 1882இல் எழுந்ததென்பதை நாம் அறிவோம். அவர் அரசரானதும் செய்த முதற் கருமங்களில் ஒன்றைப் பாடசாலைச் சரித்திர புத்தகத்தில் நாம் படித்ததில்லை.

அவர் தாயார் விக்ரோறியா மகாராணியார், பட்டத்துக்கு வந்த ஐம்பதாம் ஆண்டு நிறைவாகிய 1887இல், இந்தியாவிலிருந்து இரு பணியாளரை வரவழைத்தார். உணவு மேசையிற் பரிமாறுவதே அவர்கள் கடமை. ஒருவர் ஆக்கிராவைச் சேர்ந்த இளைஞர் அப்துல் கரீம். அடுத்த ஆண்டே அவர் முன்ஷி, அதாவது ஆசிரியர், ஆனார். எழுபதை அணுகிய மகாராணியார் அவரிடம் இந்துஸ்தானி கற்று, 13 ஏடுகள் எழுதி நிரப்பினார்!

அரண்மனை உத்தியோகத்தர் பொறுப்பாரா? முன்ஷியின் தகப்பனார் பெரிய வைத்தியரல்லர், சிறைச்சாலை அப்போதிக்கரியே என்று துருவிக் கண்டுபிடித்தனர். (நம் பாட்டன்மார் காலத்தில் அப்போதிக்கரி மகனுக்குப் பெண் கொடுக்கப் பலர் முன்வந்திருப்பர்!) 1897இல், பிரான்சுப் பயணத்தில் முன்ஷியும் சேர்ந்தால் தாம் விலகுவோமென்று பயமுறுத்தினர். மகாராணியார் அசையவில்லை, முன்ஷியும் சென்றார்.

1901 ஜனவரி 22இல் மகாராணியார் காலமானார். பேழை மூடுமுன் தனியே நின்று இறுதி வணக்கஞ் செலுத்த முன்ஷிக்கு எட்வேட் இடமளித்தார். ஆனால் சின்னாட்களில், அதே அரசரின் கட்டளைப்படி, மகாராணியார் அவருக்கு எழுதிய கடிதங்கள் அவர் வீட்டிலிருந்து எடுக்கப்பட்டுத் தீயிலிடப்பட்டன. அவர் ஆக்கிராவுக்குத் திரும்பி 1909இல் இறந்தார்.

அந்த 13 ஏடுகளை மட்டும் எவரும் தீண்டவில்லை. உருது எழுத்து விளங்காமையாற் போலும். அவை இன்றும் விண்சர் மாளிகையில் உள்ளன.