மலையும் சக்கரமும்

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் குடியேறி வாழும் தமிழ் மக்களுக்கு ஏற்றமும் இறக்கமும் புதியன அல்ல. சித்தூரிலிருந்து பலமனேருக்குச் செல்வோர் மொகிலிக் கணவாயை ஏறியாக வேண்டும். திருப்பதியில் வாழ்வோர் கண்முன் சேஷாசலம் எப்பொழுதும் நிற்கிறது. இத்தகைய நிலத்தில் சைக்கிளுக்குப் பெரிய சக்கரம் நன்றா, சிறிய சக்கரம் நன்றா என்னும் வினா, பிள்ளைக்கு வண்டி வாங்கப் புறப்படும் தந்தையர்க்கு எழுவது இயல்பே. விடை வரலாற்றில் கிடைக்கிறது.

நம் முன்னோர் மாட்டுவண்டிக்குப் பெரிய சக்கரம் அமைத்ததற்குக் காரணம் உண்டு. கல்லிலும் பள்ளத்திலும் சிறிய சக்கரம் இடறும்; பெரியதோ அதே கல்லைச் சாய்வாக அணுகி எளிதில் கடக்கும். ஆயினும் படிக்கட்டுகளின் முன் எந்தச் சக்கரமும் பயன்படவில்லை. அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறத்தாழ 3,550 படிகள். அடியார்கள் நடந்தும், இயலாதார் டோலியிலும் ஏறினர். 1944-ஆம் ஆண்டில் முதல் மலைப்பாதை திறக்கப்பட்டபோது மாறியது சக்கரம் அன்று, வழியே ஆகும். பாதை வளைந்து வளைந்து சென்றமையால் ஏற்றத்தின் கடுமை தணிந்தது. 1974-இல் இரண்டாம் பாதையும் அமைந்தது.

வழியை மாற்ற இயலாத சைக்கிளோட்டி என்ன செய்வான்? 1870-களில் மேனாட்டுச் சைக்கிள்களின் மிதிகள் முன்சக்கரத்திலேயே பொருத்தப்பட்டிருந்தன. விரைவு வேண்டுமாயின் சக்கரத்தைப் பெரிதாக்குவதன்றி வேறு வழியில்லை. 1885-இல் ஆங்கிலேயரான ஜான் கெம்ப் ஸ்டார்லி, சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கும் ரோவர் சைக்கிளை அமைத்து அத்தளையை அறுத்தார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைத் தந்தார். அதன்பின் ஏற்றத்தின் கடுமையைப் பற்சக்கரங்களும், கல்லின் கடுமையைச் சக்கரமும் டயரும் தாங்கலாயின.

மலைச் சைக்கிள் 1970-களில் கலிபோர்னியாவின் டாமல்பைஸ் மலைச்சாரலில் பிறந்தது. இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களில் சரிவுப் பாதைகளில் இறங்கி விளையாடினர். அவற்றின் பருத்த டயர்கள் 26 அங்குலம். ஆய்ந்து தேர்ந்த அளவன்று. கைக்குக் கிடைத்த அளவு. அதுவே நெடுங்காலம் விதியாக நிலைத்தது. பின்னர் 29 அங்குலமும் 27.5 அங்குலமும் போட்டிக்கு வந்தன. 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் செக் நாட்டவரான குல்ஹாவி 29 அங்குலச் சக்கரத்திலும், சுவிட்சர்லாந்தின் ஷூர்ட்டர் 27.5 அங்குலச் சக்கரத்திலும் ஓட்டினர். குல்ஹாவி ஒரே ஒரு விநாடியில் வென்றார். 2016-இல் ரியோவில் ஷூர்ட்டரே 29 அங்குலச் சக்கரத்துடன் தங்கம் பெற்றார்.

அப்படியாயின் பெரியதே சிறந்ததா? பெரிய சக்கரம் கல்லை எளிதில் கடக்கும், தரையை நன்கு பற்றும். ஆனால் எடை கூடும், விரைவில் வேகம் பிடிக்காது. சிறியது இலேசானது, உறுதியானது, குறுகிய வளைவில் எளிதில் திரும்பும். முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் உள்ள வண்டியைக் கொள்வோம். ஒரு மிதிச்சுற்றில் 28 அங்குலச் சக்கரம் ஏறத்தாழ 5.5 மீட்டரும், 26 அங்குலச் சக்கரம் 5 மீட்டரும் செல்லும். சமநிலத்தில் இது ஆதாயம். ஏற்றத்திலோ காலுக்குச் சுமை.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. 28 அங்குலம் எனப்பட்ட நம் பழைய கறுப்புச் சைக்கிளின் சக்கர வளையம் டயர் அமரும் இடத்தில் 635 மில்லிமீட்டர். இன்றைய 29 அங்குல மலைச் சைக்கிளுடையது 622 மில்லிமீட்டரே. பருத்த டயரே பெயரை உயர்த்துகிறது. பெரிய சக்கரம் நம் தந்தையரிடம் முன்னரே இருந்தது. பால் கேனையும் நெல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் அவர்கள் வண்டியைத் தள்ளிச் சென்றது, இணையான கியர் இல்லாமையால்தான்.

ஆகவே, சக்கரத்தின் எண்ணுக்கு விலை கொடுக்குமுன் வேறு இரண்டைக் காண்பது நலம். மேடேறுவதற்குத் தக்க சிறிய கியர் உண்டா? இருக்கையிலிருந்து இறங்கிச் சட்டத்தின் மேல் நிற்கும்போது பிள்ளையின் இரு பாதங்களும் தரையில் நன்கு பதிகின்றனவா? வளர்வான் என்றெண்ணிப் பெரிய வண்டியை வாங்கித் தருவது இறக்கத்தில் ஆபத்தாகும். கால் முதலில் எட்டட்டும். மலை பிறகு எட்டும்.