விமானிகளின் ஓய்வு வயதும் அயல்நாட்டுப் பணியும்

தம் நாட்டு விதிப்படியோ நிறுவன விதிப்படியோ ஓய்வு பெற்ற பயணிகள் விமான ஓட்டிகள், வயது வரம்பு தளர்ந்த வேறொரு நாட்டுக்குச் சென்று ஒப்பந்த அடிப்படையில் தொடர்ந்து பறப்பது நெடுங்கால வழக்கம். உடலும் பார்வையும் திடமாக இருப்பவர்களைப் பிறந்த தேதியை மட்டும் பார்த்து வீட்டுக்கு அனுப்பியதால் உண்டான வழக்கம் இது.

வரலாறு: 1950களின் இறுதிவரை அமெரிக்க விமானிகளுக்கு அரசு விதித்த வயது வரம்பு கிடையாது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் தன் விமானிகளை 60 வயதில் நிறுத்த முயன்றபோது, விமானிகள் சங்கம் அதை நடுவர் தீர்ப்புக்குக் கொண்டுசென்று வென்றது. நிறுவனத் தலைவர் சி. ஆர். ஸ்மித் வேறு வழியை நாடினார். நாட்டின் விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குத் தலைமை வகித்த எல்வுட் கெசாடாவுக்கு 1959 பிப்ரவரியில் கடிதம் எழுதி, 60 வயது வரம்பை அரசே விதிக்கக் கோரினார். அந்த ஆண்டுதான் அவர் நிறுவனம் போயிங் 707 ஜெட்டைச் சேவையில் இறக்கியிருந்தது. பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் ஊறிய மூத்தவர்களை ஜெட்டுக்குப் பழக்க அதிகக் காலமும் பணமும் செலவாகும் என்பது நிறுவனத்தின் கணக்கு. டிசம்பரில் விதி பிறந்தது. 1960 மார்ச் 15இல் நடைமுறைக்கு வந்தது. முதுமையில் திடீரென மாரடைப்பு வரலாம் என்பது அரசு சொன்ன காரணம். மேலே கூறிய நிறுவனக் கணக்கே உண்மையான காரணம் என்ற கருத்தும் உண்டு. பதவியிலிருந்து விலகிய கெசாடா பின்னர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இயக்குநர் குழுவில் இடம்பெற்றார்.

இவ்விதி யாரையெல்லாம் வெளியேற்றியது என்பதற்கு கேப்டன் ஆல் ஹேன்ஸ் சான்று. 1989 ஜூலை 19இல், கட்டுப்பாட்டு அமைப்புகள் முழுதும் செயலிழந்த யுனைடெட் 232 விமானத்தை அவரும் குழுவினரும் எஞ்சின்களின் விசையைக் கூட்டிக் குறைத்தே சூ சிட்டியில் இறக்கினர். 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். இரண்டாண்டுகளில் 60 வயது நிறைந்ததால் ஹேன்ஸ் ஓய்வு பெற்றார்.

2000களில் வெளிநாடு செல்லும் நெருக்கடி கூடியது. திவால் நடவடிக்கையில் இருந்த யுனைடெட் நிறுவனம் 2005இல் தன் ஓய்வூதியத் திட்டங்களைக் கைவிட்டது. அரசுக் காப்பீட்டு அமைப்பு பொறுப்பேற்றாலும், 65 வயதுக்கு முன் ஓய்வூதியம் பெறத் தொடங்குவோருக்கு உச்சத் தொகை குறைவு. 60இல் போகச் சொன்னதும் அரசு விதி, 60இல் போனதற்காகக் குறைத்துக் கொடுத்ததும் அரசு விதி! அப்போது ஆசிய விமான நிறுவனங்கள் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தன; அனுபவமுள்ள கேப்டன்கள் அங்கே போதவில்லை. சில வாரம் பறந்து, சில நாள் சொந்த ஊர் திரும்பும் ஒப்பந்தங்களில் பலர் சேர்ந்தனர். பணிமூப்பு கிடையாது, ஒப்பந்தம் முடிந்தால் வேலையும் முடிந்தது.

2006 நவம்பர் 23 முதல் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, இரு விமானிகள் உள்ள விமானங்களின் கேப்டன்களுக்கு அதுவரை 60 ஆக இருந்த வரம்பை 65 ஆக்கியது. கேப்டன் 60 கடந்தவரானால் மற்றவர் அதற்குக் கீழ் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2014இல் நீங்கியது. 2006இன் மாற்றத்தால் விசித்திரமான நிலை ஏற்பட்டது: 60 கடந்த அயல்நாட்டுக் கேப்டன் நியூயார்க்கில் வந்திறங்கலாம், அதே வயதுடைய அமெரிக்கர் தம் நாட்டு நிறுவன விமானத்தை ஓட்ட முடியாது. 2007 டிசம்பர் 13இல் அமெரிக்கச் சட்டமும் 65க்கு மாறியது. முன்பே வெளியேறியவர்களுக்குப் பழைய பணிமூப்பு திரும்பவில்லை. புதிதாகச் சேருபவர்போல் கடைசியில் நிற்க வேண்டியிருந்தது. ஆகவே அவர்களுக்கு அயல்நாட்டுப் பணியே மேலாக இருந்தது.

சட்டநிலை: 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கைப்படி, பன்னாட்டுத் தரத்துக்கு உட்படாத உரிமம் உடையவர் பிற நாட்டு வான்வெளியில் பறக்க அந்நாட்டின் அனுமதி வேண்டும். ஆஸ்திரேலியாவின் கான்டாஸ் நிறுவனக் கேப்டன் ஜான் கிறிஸ்டி இதில்தான் மாட்டிக்கொண்டார். ஆஸ்திரேலியாவில் வயது வரம்பு இல்லாதபோதும், 60 கடந்த அவருக்கு நியூசிலாந்து, பிஜி, டென்பசார் போன்ற சில தடங்களே மிஞ்சின. 60 வயதில் அவரைப் பணியிலிருந்து நிறுத்தியது பற்றிய வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1998இல் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மாறாக, லுஃப்தான்சா விமான நிறுவனத்தின் 60 வயது வரம்பு பாகுபாடு என 2011இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. மூத்தவர் நீடித்தால் தம் பதவி உயர்வு தள்ளிப்போகும் என்று இளைய விமானிகள் எதிர்ப்பதும் உண்டு.

60 கடந்தவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை கட்டாயம். ஜப்பான் 2015 முதல் 67 வயதினரையும் அனுமதிக்கிறது. அமெரிக்க வரம்பை 67 ஆக்கும் முயற்சி 2024இல் தோற்றது. இந்தியாவில் வரம்பு 65.