தபாலில் வராத வண்டி

1950, 60-களில் அமெரிக்க நாட்டுப்புறத்து ரயில் நிலையங்களில் மரச்சட்டம் அடித்த பெட்டிகள் வந்து இறங்கும். உள்ளே ஒரு சிறிய மோட்டார் சைக்கிள், பாதி கழற்றிய நிலையில். வீட்டுக்கு எடுத்துப்போய், கைப்பிடியைப் பொருத்தி, பெட்ரோல் ஊற்றி ஓட்டவேண்டியதுதான். சட்டை, தையல் மெஷின், கோழிக்கூண்டு எல்லாம் தபால் ஆர்டரில் விற்ற சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தடித்த கேட்டலாக்கில் இந்த வண்டிகளும் இருந்தன. பெட்ரோல் தொட்டியில் 'ஆல்ஸ்டேட்' என்ற பெயர். சியர்ஸ் சொந்தமாக ஒரு வண்டியும் செய்ததில்லை. மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் பெரும்பாலும் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து பூக் ஆலையில் செய்தவை. ஸ்கூட்டர்களில் பல இத்தாலியின் பியாஜியோ செய்த வெஸ்பா. போட்டி நிறுவனமான மான்ட்கோமரி வார்டு, லாம்ப்ரெட்டாவுக்கு 'ரிவர்சைடு' என்று பெயர் சூட்டி விற்றது.

அதே காலத்தில் விழுப்புரத்திலும் இரு சக்கர வண்டிக்கும் தபால் ஆபீசுக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் தலைகீழாக. 1960-ல் வந்த ஸ்கூட்டர் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, ஸ்கூட்டர் வேண்டுபவர் தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் முன்பணம் போட்டு, பாஸ்புக்கை டீலர் பெயருக்கு அடமானமாக எழுதிக் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். பஜாஜ் ஸ்கூட்டருக்கு பத்து ஆண்டு காத்திருந்தவர்கள் உண்டு. வெளிநாட்டிலிருந்து அந்நியச் செலாவணி அனுப்ப ஓர் உறவுக்காரர் இருந்தால் வரிசை சுருங்கும். அங்கே தபாலில் ஆர்டர் போட்டால் வண்டி வந்தது. இங்கே தபால் ஆபீசில் பணம் தூங்கியது.

இந்த இடைவெளியில்தான் மொபெட் நுழைந்தது.

முதலில் சுவேகா. பிரான்சின் மோட்டோபெக்கான் நிறுவனத்துக் கூட்டுறவில், திருப்பதியில் இருந்த மொபெட்ஸ் இந்தியா நிறுவனம் 1960-களில் செய்த வண்டி இது. அப்போது திருப்பதியும் விழுப்புரமும் காட்பாடி, வேலூர், திருவண்ணாமலை வழியாக வரும் ஒரே மீட்டர் கேஜ் பாதையில் இருந்த ஊர்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பிரெஞ்சு மொபெட் ஆந்திரத்தைச் சுற்றிக்கொண்டு பக்கத்து ஊருக்கு வந்து சேர்ந்தது. சைக்கிள் மாதிரி பெடல் மிதித்துக் கிளப்ப வேண்டும். வழியில் பெட்ரோல் தீர்ந்தால் மிதித்தே வீடு சேரலாம். பங்க் குறைவான காலத்தில் இது சின்ன வசதியல்ல.

1972-ல் கைனடிக் நிறுவனத்தின் லூனா வந்தது. அதன் மூல வடிவம் பியாஜியோவின் 'சாவ்' மொபெட். 1980-களின் இறுதியில் வந்தது ஹீரோ பூக். ஆக, அமெரிக்கக் கேட்டலாக்குக்கு வண்டி கொடுத்த இரண்டு ஐரோப்பிய ஆலைகளின் வாரிசுகளும் லைசென்ஸ் ஒப்பந்தம் என்ற வேறு வாசல் வழியாக நம்மூர்த் தெருவுக்கு வந்துவிட்டன. ராணிப்பேட்டையில் என்ஃபீல்டு, ஜெர்மனியின் சூன்டாப் தொழில்நுட்பத்தில் 50 சிசி எக்ஸ்ப்ளோரரும் சில்வர் பிளஸ்ஸும் செய்தது. நல்ல வண்டிகள்தான், ஆனால் காலம் கைகொடுக்கவில்லை. 1984-ல் சூன்டாப்பே திவாலானது.

எல்லாவற்றையும் ஓரங்கட்டியது 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50. இருவர் உட்கார்ந்து போகும்படி இந்தியாவில் செய்த முதல் மொபெட். விழுப்புரம் பக்கத்து ஊர்களின் அமைப்பைப் பார்த்தால் அது ஏன் ஒட்டிக்கொண்டது என்பது புரியும். திண்டிவனத்தில் ஜி.எஸ்.டி. சாலை கிளை பிரிகிறது: ஒன்று விழுப்புரம், திருச்சிக்கு, ஒன்று புதுச்சேரிக்கு. மேற்கே செஞ்சி, கிழக்கே மரக்காணம். பெரிய சாலையில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊருக்குத்தான் வண்டி வேண்டும். மணிலா மூட்டை, தர்பூசணி, பால் கேன், மரக்காணத்து மீன்கூடை, புல்லுக்கட்டு என்று எதையும் அது சுமந்தது. வானூர் வட்டத்தில் பெரும்பகுதி அடங்கும் ஆரோவில்லிலும் செம்மண் பாதைக்கு மொபெட்டே தோதுப்பட்டது. உழவரும் வெள்ளைக்காரரும் ஒரே மெக்கானிக்கிடம் நிற்பது அங்கே புதுமையல்ல.

இத்தனை உழைத்ததாலேயே ஒரு சிக்கல். அமெரிக்காவில் ஆல்ஸ்டேட் வண்டிகள் பையன் வளர்ந்து கார் வாங்கியதும் கொட்டகைக்குப் போயின. ஐம்பது வருடம் கழித்துத் தூசி தட்டினால் ஒரிஜினல் பாகங்கள் அப்படியே கிடைக்கும். இங்கே எந்த மொபெட்டும் ஓய்வு பெறவில்லை. கேரியரை அறுத்து இரும்புச் சட்டம் பற்றவைத்திருப்பார்கள். இந்த வண்டிக்கு அந்த வண்டியின் கார்புரேட்டர் இருக்கும். பெடல் கழன்று எந்தக் காலமோ. பழைய சுவேகாவைப் புதுப்பிக்க நினைப்பவர் முதலில் முன்னாள் மெக்கானிக்குகளின் கைவண்ணத்தை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருக்கிறது.

வேலை பெரும்பாலும் எளிமையானது, பொறுமை கேட்பது. டூ ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலோடு எரியும் ஆயில் சைலென்சரைக் கரியால் அடைத்திருக்கும். கழற்றி நெருப்பில் சுட்டுத் தட்டினால் கரி உதிரும். துருப்பிடித்த தொட்டிக்குள் நட்டும் வினிகரும் போட்டுக் குலுக்குவார்கள். பாயின்ட் செட், கண்டென்சர், மேக்னெட் காயில் மூன்றும் சரியானால் முக்கால்வாசி வண்டி கிளம்பிவிடும். கிடைக்காத பாகத்துக்கு சென்னைப் புதுப்பேட்டையில் அலைய வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடினமானது ஆர்.சி. புத்தகம். பதிவுக்குப் பதினைந்து ஆண்டுதான் ஆயுள். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விழுப்புரத்தின் டி.என். 32-ம் திண்டிவனத்தின் டி.என். 16-ம் வருவதற்கு முன், மூன்றெழுத்து எண்ணோடு பதிவான வண்டிகளில் பல, மூன்று நான்கு கை மாறியும் முதல் ஆள் பெயரிலேயே நிற்கின்றன.

2021-ல் மத்திய அரசு பழமை வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும், அடிப்படை அமைப்பை மாற்றியிருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். 1960-களின் சுவேகாவுக்கு வயது எப்போதோ வந்துவிட்டது. டி.வி.எஸ். 50-க்கு 2030 வரை பொறுக்க வேண்டும். பெற்றாலும் ஒன்று: அந்த எண் மாட்டிய வண்டியைக் கண்காட்சிக்கும் பழுது பார்க்கவும் ஓட்டலாம், அன்றாடம் ஓட்டவோ வியாபாரத்துக்கு எடுக்கவோ கூடாது. பால் கேனை இறக்கிவிட வேண்டும்.