அழாத குழந்தையும் வெப்பமானியும்

திருக்குருகூரில், அதாவது இன்றைய ஆழ்வார்திருநகரியில், காரியாருக்கும் உடையநங்கையாருக்கும் பிறந்த குழந்தை அழவுமில்லை, பாலுண்ணவுமில்லை என்பது நம்மாழ்வார் குறித்த மரபுச் செய்தி. செய்வதறியாத பெற்றோர் குழந்தையைக் கோயிற் புளியமரத்தடியில் விட்டனர் என்பர். இக்கதையை அவதாரப் பெருமையாகவே போற்றுகிறோம். ஆயினும், வாய் திறவாத மகவின் முன் பெற்றோர் படும் தவிப்பும் இதில் உண்டு. கைக்குழந்தை தன் நோயைச் சொல்லாது. நாம்தாம் அறிய வேண்டும்.

சுரத்தைப் புறங்கையால் தொட்டறிந்த காலம் நெடியது. எண்ணால் அளக்கும் வழக்கம் அண்மையது. பாரன்ஹீட் பாதரச வெப்பமானியைச் செய்தது 1714இல். ஆயினும் அது மருத்துவர் சட்டைப்பைக்கு வந்து சேர ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. ஓரடி நீளமும், அளவு காட்ட இருபது நிமிடமும் கொண்டிருந்த கருவியை, 1860களில் ஆங்கில மருத்துவர் கிளிஃபர்டு ஆல்பட் ஆறங்குலமாகவும் ஐந்து நிமிடமாகவும் சுருக்கினார். 1868இல் செருமானிய மருத்துவர் வுண்டர்லிக், ஏறத்தாழ 25,000 நோயாளரை ஆராய்ந்து, உடலின் இயல்பு வெப்பம் 37 டிகிரி செல்சியசு என நிறுவினார்.

அக்கண்ணாடிக் கருவியின் வரலாற்றில் தமிழகத்துக்கும் ஒரு துயரப் பங்குண்டு. 1980களில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து ஒரு வெப்பமானி ஆலை கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. பாம்பார் சோலையை ஒட்டி அமைந்த அது பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. செய்த கருவிகள் அயல்நாடுகளுக்குச் சென்றன. 2001 மார்ச்சில், பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு ஊர்ப் பழையசாமான் கடையில் குவிந்து கிடப்பதை மக்கள் வெளிப்படுத்தவே, ஆலை நின்றது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. பாதரசத்தால் உடல்நலம் கெட்டதெனத் தொழிலாளர் முறையிட்டனர். நிறுவனம் அதை மறுத்தது. 591 முன்னாள் தொழிலாளரோடு உடன்பாடு ஏற்பட்டது 2016இல்தான்.

ஆகவே குழந்தைக்கு வெப்பமானி வாங்குவோர் பாதரசக் கருவியைத் தவிர்ப்பதே நன்று. உடைந்தால் உருண்டோடும் துளிகளிலிருந்து கண்ணுக்குப் புலனாகாத ஆவி எழும்; தரையில் தவழும் மகவே அதை முதலில் சுவாசிக்கும். பாதரசப் பொருள்களைக் குறைக்க எழுந்த மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. வளையும் முனையுள்ள எளிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் வீட்டுக்குப் போதுமானது. அக்குளில் வைத்து, கையை உடலோடு அணைத்துப் பிடித்து, ஒலி எழும்வரை காத்திருக்க வேண்டும். அக்குள் அளவு உள்வெப்பத்தினும் சற்றுக் குறைவாகவே காட்டும். காதில் வைக்கும் கருவி ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஏற்றதன்று. செவித்துளை மிகக் குறுகியது.

மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காட்டினால், விடியட்டும் என்றிராது உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். எண் குறைவாக இருப்பினும், குழந்தை துவண்டு கிடந்தாலோ பாலுண்ண மறுத்தாலோ அப்போதும் காத்திருத்தல் தகாது.