கேட்டவர்க்குச் சொன்னவர்கள்: ஆங்கில இலக்கணம் வளர்ந்த கதை

பொன் விழாக் காணும் நம் பங்கின் மலரில் ஆலய வரலாறும் அருட்பணியாளர் வரிசையும் இடம்பெறுவது முறையே. அவற்றோடு, மொழி கற்போரின் ஐயங்களைத் தீர்த்துவைத்த சிலருடைய வரலாற்றையும் சேர்க்க விழைந்தோம். அதற்குக் காரணம் உண்டு. நம் பங்கின் பிள்ளைகள் பலர் இன்று கல்லூரிக்கும் நேர்முகத் தேர்வுக்கும் போகின்றனர். அவர்களுள் தம் குடும்பத்தில் முதன்முதலாக ஆங்கிலம் படிப்பவர்களும் உளர். 'இந்த இடத்தில் ஷல் வருமா, வில் வருமா?' என்னும் சிறு ஐயத்தைக்கூட வாய்திறந்து கேட்க அவர்கள் கூசுகின்றனர். கேட்டால் சிரிப்பார்களோ என்ற அச்சமே அவர்கள் வாயை அடைக்கிறது. ஆங்கில இலக்கணத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டினால் இந்த அச்சத்துக்கு இடமில்லை என்பது விளங்கும். அதன் சிறந்த நூல்கள் பல, தெரியாதவர்கள் கேட்டதனால் பிறந்தவை.

மடத்துச் சிறுவர்கள்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் எல்ஃப்ரிக் என்னும் பெனடிக்ட் சபைத் துறவி வாழ்ந்தார். மடத்தில் படித்த சிறுவர்களுக்கு இலத்தீன் கற்பிப்பது அவர் பணி. அக்காலத்து இலக்கண நூல்கள் இலத்தீன் மொழியிலேயே எழுதப்பட்டிருந்தன. இலத்தீன் தெரியாத சிறுவன் இலத்தீன் நூலைப் படித்து இலத்தீன் கற்பது எப்படி? எனவே எல்ஃப்ரிக், 10ஆம் நூற்றாண்டின் இறுதியில், சிறுவர்களின் தாய்மொழியாகிய பழைய ஆங்கிலத்தில் இலக்கணத்தை விளக்கி எழுதினார். இலக்கணத்தை அவர் நூல்களின் பொருளைத் திறக்கும் திறவுகோலுக்கு ஒப்பிட்டார். சில ஆண்டுகளுக்கு முன்வரை இலத்தீனில் ஒரு கடிதம் எழுதவோ படித்துப் பொருள் கொள்ளவோ வல்ல குரு நாட்டில் இல்லாதிருந்த நிலையையும் அவர் மறைக்காமல் குறிப்பிடுகிறார்.

அவர் எழுதிய உரையாடல் நூலொன்றும் உண்டு. பிழையின்றிப் பேசக் கற்றுத் தருமாறு சிறுவர்கள் ஆசிரியரை வேண்டுவதோடு அது தொடங்குகிறது. பின்னர் உழவன், மீனவன், இடையன், வேடன் ஆகியோர் தத்தம் தொழிலைப் பற்றிப் பேசுகின்றனர். இலக்கணம் கற்பிக்க வந்த துறவி, ஏர் பிடிப்பவனையும் வலை வீசுபவனையும் வகுப்பறைக்குள் அழைத்து வந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அகதிகளும் அயல்நாட்டாரும்

தாய்மொழியாகப் பேசுவோருக்கு அதன் இலக்கணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. புதிதாய் வந்தவன் கேட்கும்போதுதான் விதி ஒன்று இருப்பதே தெரியவருகிறது. 16ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் சமயக் கலகங்கள் மூண்டபோது, புரோட்டஸ்டாண்டு மக்கள் பலர் உயிர்தப்பி இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தனர். 1572இல் பாரீசில் நடந்த படுகொலையைக் கத்தோலிக்கராகிய நாம் தலைகுனிந்தே நினைக்க வேண்டும். அவ்வாறு தஞ்சம் புகுந்தோருக்கு ஆங்கிலம் கற்பிக்க ழாக் பெல்லோ என்பவர் 1580இல் ஒரு நூலும், 1586இல் உரையாடல் நூலொன்றும் வெளியிட்டார். பின்னதில் ஆங்கில வாக்கியம், அதன் பிரெஞ்சுப் பொருள், ஒலிக்கும் முறை ஆகிய மூன்றும் அருகருகே அமைந்திருந்தன. ஆங்கிலச் சொல்லின் ஒலியைத் தமிழ் எழுத்தில் தந்து நம் ஊர்க் கடைகளில் விற்கும் 'முப்பது நாளில் ஆங்கிலம்' போன்ற நூல்களுக்கு இதை மூதாதை எனலாம்.

1653இல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஜான் வாலிஸ் ஆங்கில இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். கணிதத்தில் முடிவிலிக்கு நாம் இன்றும் எழுதும் குறியைப் புகுத்தியவர் இவரே. ஆங்கிலம் கற்க விரும்பிய அயல்நாட்டாருக்காகத் தம் நூலை அவர் இலத்தீனில் எழுதினார். ஷல், வில் பற்றிய புகழ்பெற்ற விதியை இந்நூலில் காண்கிறோம். தன்னிலையில் 'ஷல்' நடக்கப்போவதை மட்டும் சொல்லும்; 'வில்' உறுதியைக் காட்டும். முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழாகும். இங்கிலாந்தில் பிறந்த குழந்தைக்கு இவ்விதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அயலார் தடுமாறியதால் அது ஏட்டில் ஏறியது. இன்றோ ஆங்கிலம் பேசுவோர் பெரும்பாலோர் இவ்வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. 'வில்' என்பதே எங்கும் வழங்குகிறது. ஆகவே இவ்வையத்தால் கலங்கும் மாணவன் தன்னை மந்தன் என்று எண்ண வேண்டியதில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வியையே அவனும் கேட்கிறான்.

ஆசிரியைகளின் விண்ணப்பம்

18ஆம் நூற்றாண்டில், பின்னர் லண்டன் ஆயரான ஆங்கிலிக்கன் அறிஞர் ராபர்ட் லவுத் 1762இல் எழுதிய இலக்கணம் பெரும் மதிப்புப் பெற்றது. புகழ்பெற்றோர் எழுத்திலும் பிழைகாட்டத் தயங்காத நூல் அது. ஆனால் அதைவிடப் பரவலாகப் பள்ளிகளில் புகுந்தது லிண்ட்லி மரே என்பவரின் நூல். அமெரிக்காவில் பிறந்து வழக்கறிஞராகவும் வணிகராகவும் இருந்த மரே, உடல்நலம் குன்றி இங்கிலாந்தின் யார்க் நகரருகே வந்து தங்கினார். நடக்கும் வலுவிழந்து வீட்டோடு அடங்கிய மனிதர். குவேக்கர் சபையினர் அந்நகரில் நடத்திய பெண்கள் பள்ளியின் இளம் ஆசிரியைகள் அவரிடம் வந்து ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தனர். தங்கள் மாணவியருக்கு ஏற்ற நூல் ஒன்று எழுதித் தருமாறு விண்ணப்பமும் செய்தனர். அவ்வாறு பிறந்ததே 1795இல் வெளிவந்த அவரது ஆங்கில இலக்கணம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அது எண்ணற்ற பதிப்புகளைக் கண்டது. நோயாளி ஒருவர் வீட்டிலிருந்தபடியே செய்த தொண்டு இது.

சிப்பாயின் இலக்கணம்

நம் மனத்தை மிகவும் தொட்டவர் வில்லியம் காபெட். 1763இல் எளிய குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் வயலில் உழைத்தவர். 1784இல் படையில் சேர்ந்தபோது அவருக்கு நாள் ஒன்றுக்குச் சம்பளம் ஆறு பென்ஸ். படுக்கையின் விளிம்பே இருக்கை. தோள்பையே புத்தக அலமாரி. மடிமேல் வைத்த பலகையே மேசை. மெழுகுவர்த்தி வாங்கக் காசில்லை. குளிர்கால மாலைகளில் அடுப்பு நெருப்பின் வெளிச்சமே கதி, அதுவும் தம் முறை வரும்போது மட்டும். இந்த நிலையில் லவுத்தின் இலக்கணத்தை அவர் கைப்பட எழுதியெழுதி மனப்பாடம் செய்தார். காவல் நிற்கும் நேரத்திலும் அதையே ஒப்புவித்துக்கொண்டிருந்தார்.

பின்னாளில் பெரும் பத்திரிகையாளராகி, அரசின் சினத்துக்கு அஞ்சி அமெரிக்காவில் தங்கியிருந்தபோது, 1818இல் தாமே ஓர் இலக்கணம் எழுதினார். தம் மகன் ஜேம்சுக்கு எழுதிய கடிதங்களின் வடிவில் அது அமைந்தது. போர்வீரர், மாலுமிகள், தொழில் பழகும் பையன்கள், ஏரோட்டும் சிறுவர் ஆகியோருக்கே சிறப்பாக உரியது என்று அதன் முகப்பிலேயே அச்சிட்டார். எழுதத் தெரியாத ஏழையின் குறை ஆள்வோர் காதுக்கு எட்டாது என்பதை அவர் அறிந்திருந்தார். இந்தக் காபெட், ஆங்கிலிக்கன் சபையினராக இருந்தும், 1824 முதல் எழுதிய தம் வரலாற்று நூலில் ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கருக்காக வாதாடியவர் என்பதையும் நன்றியுடன் நினைவுகூர்கிறோம்.

ஜப்பான் வகுப்பறையில்

நம் காலத்தை நெருங்கினால் ஏ. எஸ். ஹார்ன்பியைச் சந்திக்கிறோம். 1924இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்றவர் இவர். சொல்லின் பொருள் தெரிந்தும் மாணவர்கள் வாக்கியத்தில் தவறுவதை அவர் கவனித்தார். எடுத்துக்காட்டு ஒன்று: 'ஐ வான்ட் ஹிம் டு கம்' என்பது சரி. அதைப் பார்த்து 'ஐ சஜெஸ்ட் ஹிம் டு கம்' என்று எழுதினால் பிழை. 'அவனை வரச் சொன்னேன்', 'அவனை வரும்படி யோசனை சொன்னேன்' என்று ஒரே வகையாய்ப் பேசும் நமக்கும் இத்தவறு இயல்பாய் வரும். ஒன்றைப் போல மற்றதும் இருக்கும் என்று கருதுவது அறிவின்மை ஆகுமா? அதுவே அறிவு வேலை செய்யும் வழி. எனவே ஒவ்வொரு வினைச்சொல்லும் எவ்வகை வாக்கியத்தில் அமையும் என்பதை 25 அமைப்புகளாக வகுத்து, தோழர் இருவருடன் சேர்ந்து ஹார்ன்பி ஓர் அகராதியை உருவாக்கினார். போர்க் காலமான 1942இல் அது டோக்கியோவில் அச்சாயிற்று. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை வெளியிட்டது. நம் கல்லூரி மாணவர் கையில் காணும் 'அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்' அகராதி அதன் வழிவந்ததே. 1961இல் ஓர் அறக்கட்டளை நிறுவி, பிறநாட்டு ஆங்கில ஆசிரியர்களின் மேற்படிப்புக்கும் அவர் வழிசெய்தார்.

நம்மிடம் கேட்டவர்கள்

ஆங்கிலத்தில் தடுமாறும் நம்மவர் ஒன்றை மறக்கலாகாது. தமிழில் தடுமாறி நம்மிடம் கேட்டவர்களும் உண்டு. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தமிழைப் பிழையறக் கற்றபின், புதிதாய் வரும் குருக்களுக்கென்று பேச்சுத் தமிழின் இலக்கணத்தை 1728இல் இலத்தீனில் எழுதினார். இயேசு சபைக் குருவின் அந்நூலை 1738இல் அச்சிட்டவர்கள் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனார். அறிவைப் பகிர்வதில் சபைப் பிரிவினை அன்றே குறுக்கே நிற்கவில்லை. முனிவரின் தமிழைத் திருத்திய நம் முன்னோர் அவரை எள்ளி நகையாடி விரட்டியிருந்தால், தேம்பாவணி நமக்குக் கிடைத்திருக்குமா?

விழா ஆண்டில் ஒரு வேண்டுகோள்

திருத்தூதர் பணி நூலின் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அதிகாரி ஒருவர் தேரில் அமர்ந்து இறைவாக்கினர் எசாயாவைப் படிக்கிறார். புரிகிறதா என்று பிலிப்பு கேட்க, விளக்குவார் இல்லாமல் எப்படிப் புரியும் என்று அவர் கூச்சமின்றிச் சொல்கிறார். பிலிப்பு சிரிக்கவில்லை, தேரில் ஏறி அருகே அமர்ந்தார். கற்பிப்போர்க்கு இதைவிட வேறு முன்மாதிரி வேண்டுவதில்லை.

நம் பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உள்ளனர். அலுவலகங்களில் ஆங்கிலம் பழகியவர்களும் உள்ளனர். வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், பங்கு மன்றத்தில் பிள்ளைகளுடன் அமர அவர்கள் முன்வர வேண்டும். தெரியாத விதிக்கு 'பார்த்துச் சொல்கிறேன்' என்று சொன்னால் போதும். அதனால் மதிப்புக் குறையாது. பெற்றோரே, பிள்ளை தப்பும் தவறுமாய் ஆங்கிலம் பேசினால் உறவினர் முன் அவனை நகைப்புக்கு ஆளாக்காதீர்கள். இளைஞர்களே, கேட்பது இழிவன்று. நீங்கள் கையில் வைத்திருக்கும் இலக்கண நூலே உங்களைப் போன்றோர் கேட்டதன் பயன். அனைவருக்கும் ஞானத்தின் ஆவியை இறைவன் அருள்வாராக.

பங்குத்தந்தை